ஷார்ப் ஏன் அந்தப் பந்தைத் தொடவில்லை?

பந்து தரையில் துள்ளிக்கொண்டிருக்கிறது. அதைக் கைவிட்டவர் பக்கத்திலேயே நிற்கிறார். குனிந்தால் எடுத்துவிடலாம். அவருடைய அணி இரண்டு பாயிண்ட் பின்னால் இருக்கிறது, கடிகாரத்தில் மிச்சம் இருப்பது சில விநாடி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சாம்பியன் பட்டமே அந்தப் பந்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் தொடவில்லை. எதிரணிக்காரர் ஒருவர் பாய்ந்து விழுந்து பந்தை அமுக்கிக்கொண்டார். ஆட்டம் முடிந்தது. புளோரிடா 65, ஹூஸ்டன் 63.

2025 ஏப்ரல் 7 இரவு, டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் அலமோடோம் அரங்கில் நடந்தது இது. நமக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை. ஆறு இருபது வாக்கில் ஆரம்பித்து, சித்தூரில் ஆபீசுக்குப் போகிறவர்கள் டிபன் சாப்பிடும் நேரத்தில் முடிந்தது. தெருவில் யாரிடம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. ஐபிஎல் மாதம். அன்று சாயங்காலம் சென்னைக்கும் பஞ்சாபுக்கும் மேட்ச். பிரியான்ஷ் ஆர்யா 39 பந்தில் நூறு அடித்ததும் சென்னை தோற்றதும்தான் அடுத்த இரண்டு நாள் டீக்கடைப் பேச்சு. கூடைப்பந்து பேச எனக்கு உள்ளது இரண்டே பேர்.

ஒருவன் என் அண்ணன் மகன். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். இங்கே இருந்தவரை கிரிக்கெட் தவிர வேறு எதையும் பார்க்காதவன், போன ஒரே செமஸ்டரில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேடியத்தில் கத்துகிற ஆள் ஆகிவிட்டான். இன்னொருவர் திருப்பதியில் பி.இ.டி. சார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறார். என்னைவிடச் சின்னவர். அவர் தெலுங்கில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன், எங்கள் பக்கத்தில் அது சகஜம். 1960 வரை எது எந்த மாநிலம் என்று வரைபடத்தில் கோடு மாற்றிக்கொண்டிருந்த மண் இது. நாக்கு மட்டும் எந்தக் கோட்டையும் மதித்ததில்லை.

ஆட்டம் முடிந்த அடுத்த நிமிடம் அண்ணன் மகனிடமிருந்து வந்த குரல் செய்தி: "சித்தப்பா, பந்து கீழதான கிடந்துச்சு, எடுத்துத் தொலைச்சா என்ன அவனுக்கு?"

எடுக்க முடியாது என்பதுதான் பதில். எமானுவல் ஷார்ப் மூன்று பாயிண்ட் ஷாட்டுக்காகப் பந்தோடு மேலே எழும்பிவிட்டார். வால்டர் கிளேட்டன் ஜூனியர் ஓடி வந்து கையை நீட்டி எழும்பினார். போட்டால் கிளேட்டன் கையில் படும். பந்தோடு கீழே இறங்கினால் ட்ராவலிங் என்ற விதிமீறல். பாஸ் கொடுக்க அந்தக் கணத்தில் யாரும் கண்ணில் படவில்லை. பந்தை விட்டுவிட்டார். விட்ட பிறகு அதை முதலில் தொடுவது அவராகவே இருந்தால் அதுவும் ட்ராவலிங்தான், பந்து புளோரிடாவுக்குப் போய்விடும். அதனால்தான் தன் பந்துக்குத் தானே காவல் நின்று, கூட ஆடுகிறவன் யாராவது வந்து எடுக்கட்டும் என்று காத்திருந்தார். வந்தது புளோரிடாவின் அலெக்ஸ் காண்டன்.

இதை விளக்கினால் அண்ணன் மகன் சமாதானம் ஆகவில்லை. அவனுக்குக் கோபம் ஷார்ப் மேல். திருப்பதி சாருக்கோ ஷார்ப் மேல் ஒரு துளி கோபம் கிடையாது. எனக்கு இரண்டு பேரோடும் தகராறு. ஏன் என்று சொல்ல, இரண்டு நாள் முன்னால் போக வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு, ஸ்ரீராம நவமி. வீட்டில் பானகத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அரையிறுதி ஓடிக்கொண்டிருந்தது. ஹூஸ்டனுக்கு எதிரே டியூக். முதலில் ஒரு விஷயம்: அந்த வருஷம் கடைசி நான்கில் வந்த டியூக், ஹூஸ்டன், புளோரிடா, ஆபர்ன் நான்குமே தத்தம் பிரிவில் முதல் இடம் கொடுக்கப்பட்ட அணிகள். பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு வாராவாரம் வெளியிடும் ஏபி தரவரிசையிலும் உச்சியில் இருந்தவை இவைதான். 68 அணிகள் ஆடும் நாக்-அவுட்டில் நான்கு முதலிடக்காரர்களும் மிஞ்சுவது அபூர்வம். அதற்கு முன் 2008இல் ஒரே ஒரு தடவை நடந்திருக்கிறது. ஆக, சொத்தை அணி சறுக்கி விழுந்த கதை இல்லை இது.

டியூக்கிடம் கூப்பர் ஃபிளாக் இருந்தார், அந்த வருஷத்தின் பெரிய பேர். எட்டு நிமிடம் இருக்கும்போது டியூக் 14 பாயிண்ட் முன்னிலை. பானகம் கலந்து நைவேத்தியம் ஆகட்டும் என்று எழுந்து போயிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. கடைசிப் பத்து நிமிடத்தில் டியூக்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஃபீல்ட் கோல். அப்படியும் அரை நிமிடம் இருக்கும்போது ஆறு பாயிண்ட் முன்னால். ஷார்ப் ஒரு மூன்று பாயிண்டர் போட்டார், 67-64. (அதே ஷார்ப்தான், ஞாபகம் இருக்கட்டும்.) டியூக் பந்தை உள்ளே போடும்போதே ஹூஸ்டன் பிடுங்கிக்கொண்டது. அடுத்துப் போட்ட ஷாட் தவறியது. ஆனால் ஜோசப் டக்ளர் காற்றிலேயே பிடித்து உள்ளே அடித்தார், 67-66.

இனி வருவதுதான் நம் ஊர்க் கோர்ட்டில் வளர்ந்தவர்களுக்குப் புதிது. டியூக்கின் டைரீஸ் ப்ராக்டரை ஃபவுல் செய்தார்கள். நாம் ஆடும் ஃபீபா விதிப்படி, ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து நேராக இரண்டு ஃப்ரீ த்ரோ. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் குவார்ட்டரே கிடையாது, இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. ஒரு பாதியில் ஏழாவது ஃபவுலிலிருந்து 'ஒன் அண்ட் ஒன்'. முதல் த்ரோ உள்ளே போனால்தான் இரண்டாவது கிடைக்கும், தவறினால் பந்து உயிரோடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பத்தாவது ஃபவுலிலிருந்துதான் நிச்சயமாக இரண்டு.

ப்ராக்டர் முதல் த்ரோவைத் தவறவிட்டார். பந்துக்காக எழும்பிய ஜேவான் ராபர்ட்ஸின் முதுகு மேல் ஃபிளாக் சாய்ந்தார், விசில். ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டார். 68-67. அந்த மொத்த ஆட்டத்தில் ஹூஸ்டன் முன்னுக்கு வந்து எத்தனை யுகம் ஆகியிருந்ததோ! ஃபிளாக் கடைசியாக எடுத்த ஷாட் வளையத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பியது. 70-67. அரை நிமிடத்தில் ஒன்பது பாயிண்ட், எதிரே பூஜ்யம்.

"அண்ணா, ஈ டீமுக்கு கடைசி நிமிஷத்துல தோக்கத் தெரியாது" என்றார் சார். இறுதிப் போட்டிக்கு என்னோடு பந்தயம் கட்டவும் தயாராக இருந்தார். அவர் ஹூஸ்டன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஊர்ப்பாசம் இல்லை, கெல்வின் சாம்ப்சன். அப்போது 69 வயதான அந்தக் கோச் டிபன்ஸையும் ரீபவுண்டையும் வைத்தே அணி கட்டுகிறவர். பி.இ.டி. சார்களுக்கு இந்த வகைக் கோச் என்றால் உயிர்.

இறுதிப் போட்டியில் முதல் பாதி முழுக்க சார் சொன்னபடிதான் போனது. கிளேட்டன் என்ற மனிதர் அதற்கு முந்தின இரண்டு ஆட்டத்தில் 30, 34 என்று அடித்திருந்தார். பிராந்திய இறுதியிலும் தேசிய அரையிறுதியிலும் முப்பதுக்குக் குறையாமல் அடித்தவர், 1979இல் லேரி பேர்டுக்குப் பிறகு அவர்தான். அப்படிப்பட்டவருக்கு முதல் பாதியில் ஹூஸ்டன் கொடுத்தது முட்டை. அவர் பந்தோடு திரும்பும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் எதிரே நின்றார்கள். புளோரிடாவைத் தூக்கி நிறுத்தியது வில் ரிச்சர்ட். இடைவேளையில் ஹூஸ்டன் 31-28 முன்னால். இரண்டாவது பாதி தொடங்கி நாலு நிமிடத்துக்குள் ஹூஸ்டன் 42-30.

இங்கேதான் எங்கள் மூவரின் சண்டை.

சாரின் கட்சி: மெதுவாக ஆடும் அணி 12 பாயிண்ட் முன்னால் போனால் அது வேகமாக ஆடும் அணியின் 18க்குச் சமம். கணக்கும் சரிதான். கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக் 30 விநாடி, நம்முடையது 24. ஹூஸ்டன் அந்த முப்பதையும் கரைத்துத்தான் ஷாட் எடுக்கும், நாட்டிலேயே மெதுவாக ஆடும் அணிகளில் அது ஒன்று. மிச்சம் 16 நிமிடம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் சுமார் 26, 27 பொசெஷன், அதாவது பந்து கைக்கு வரும் முறை. அதற்குள் 12ஐ ஈடுகட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் எதிரியைவிடக் கிட்டத்தட்ட அரை பாயிண்ட் கூடுதலாக எடுக்க வேண்டும். நல்ல அணிக்கே ஒரு பொசெஷனுக்கு ஒரு பாயிண்ட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும். ஆகவே அந்த 12ஐக் கோட்டைவிட்டதுதான் தோல்வி, கடைசிப் பந்தைப் பற்றிப் பேசுவது வீண் என்கிறார் சார்.

என் கட்சி வேறு. அதே மெதுவான ஆட்டம்தான் ஹூஸ்டனுக்கு வினை. பொசெஷன் குறைந்தால் நல்ல அணி விலகிப் போகவும் வாய்ப்புக் குறைகிறது. முக்கால்வாசிப் பெரிய ஆட்டங்கள் நாலைந்து பாயிண்ட் வித்தியாசத்தில் கடைசி இரண்டு நிமிடத்துக்கு வந்து நிற்கும். வந்து நின்றால் தேவைப்படுவது டிபன்ஸ் மட்டும் இல்லை, தானே ஒரு ஷாட்டை உருவாக்கிக்கொள்ளும் ஒரு ஆள். புளோரிடாவிடம் கிளேட்டன் இருந்தார். ஹூஸ்டனிடம் எல்.ஜே. க்ரையர் இருந்தார், அந்த ஆட்டத்தில் 19 பாயிண்ட் எடுத்தவர். கடைசிப் பந்து அவர் கையில் இல்லை.

அரையிறுதியை வைத்து சார் என்னை மடக்கப் பார்த்தார். அந்த அரை நிமிட அதிசயத்தைத் திரும்பவும் பாருங்கள்: ஒரு மூன்று பாயிண்டர், பிடுங்கிய பந்து, தவறிய ஷாட்டைத் திரும்ப உள்ளே அடித்தது, ரீபவுண்டில் வாங்கிய ஃபவுல், ஃப்ரீ த்ரோ. நிதானமாகப் பந்தைக் கொண்டுவந்து, நின்று, ஒரு ஷாட்டைத் தயார் செய்து போட்டது எங்கே? எல்லாம் எதிரியின் தவறிலும் தன் உழைப்பிலும் கிடைத்தது. எதிரி தவறு செய்யாத அன்று என்ன ஆகும் என்பதற்கு இறுதிப் போட்டி பதில்.

கிளேட்டன் இரண்டாவது பாதியில் எடுத்தது 11. எண்ணிக்கை பெரிதில்லை, எடுத்த நேரம் பெரிது. தூரத்திலிருந்து போடுவதைக் குறைத்து உள்ளே புகுந்து புகுந்து ஃபவுல் வாங்கினார். 60-60 வந்தது. 46 விநாடி இருக்கும்போது புளோரிடாவின் அலீஜா மார்ட்டின் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றார், ஹூஸ்டன் 63-62 முன்னால். இந்த மார்ட்டின் 2023இல் புளோரிடா அட்லாண்டிக் அணியில் ஆடியவர். அந்த வருஷ அரையிறுதியில் சான் டியாகோ ஸ்டேட்டின் லமான்ட் பட்லர் கடைசி நொடியில் போட்ட ஷாட்டில் 72-71 என்று தோற்ற அணி அது. ஒரு பாயிண்ட்டின் விலை தெரிந்த ஆள். இரண்டும் உள்ளே. 64-63. இரண்டாவது பாதியில் புளோரிடா முன்னுக்கு வந்தது அப்போதுதான். நாற்பது நிமிட ஆட்டத்தில் அந்த அணி முன்னிலையில் இருந்த நேரம் மொத்தமே ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

அப்புறம் ஹூஸ்டனுக்குப் பந்து இரண்டு முறை வந்தது. முதல் முறை ஷார்ப் உள்ளே ஓட்டிப்போனபோது பந்து நழுவி வெளியே போனது. டென்சல் ஆபர்டீன் இரண்டில் ஒன்றைப் போட்டு 65-63 ஆக்கினார். இரண்டாவது முறை நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். 46 விநாடி, இரண்டு பொசெஷன், வளையத்தை நோக்கி ஒரு ஷாட் கூடப் போகவில்லை. எதிரியை ஷாட் எடுக்க விடாமல் செய்வதையே தொழிலாக வைத்திருந்த அணியை அதே மருந்தால் அடித்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் வேறு வேலையாகத் திருப்பதி போனேன். சாயங்காலம் சாரின் கோர்ட்டுக்குப் போனால், மனிதர் எனக்காகவே காத்திருந்த மாதிரி ஐந்தாறு பையன்களை நிறுத்தி வைத்திருந்தார். சிமெண்ட் தரை, பகல் வெயில் இன்னும் இறங்கவில்லை, ஷூவுக்குள் பாதம் கொதிக்கும். ஒரு வளையத்தில் வலை இருக்கிறது, இன்னொன்றில் நாலு நூல் தொங்குகிறது. கோட்டுக்கு வெளியே ஒரு பையனை நிறுத்தி, பாஸ் வந்ததும் எழும்பிப் போடச் சொன்னார். இன்னொருவன் பக்கத்திலிருந்து முழு ஓட்டத்தில் வந்து கையை உயர்த்தி எழும்ப வேண்டும். ஷார்ப், கிளேட்டன். கடிகாரத்துக்குப் பதிலாக சார் வாயாலேயே நாலு, மூணு, ரெண்டு.

முதல் பையன் போட்டான், பந்து வந்தவன் விரலில் பட்டு எங்கோ போனது. அடுத்தவன் கையைப் பார்த்ததும் காற்றிலேயே உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் வீசினான், அங்கே யாரும் இல்லை, பந்து காம்பவுண்டுச் சுவரில் மோதியது. இன்னொருவன் பந்தைக் கட்டிப்பிடித்தபடி இறங்கிவிட்டுச் சிரித்தான். விசில், ட்ராவலிங். மாற்றி மாற்றி ஆடவிட்டார். யாரும் பந்தைக் கீழே விடவில்லை. எழும்பிய பிறகு முடிவெடுக்க அரை விநாடிகூடக் கிடையாது, கை பழகியதைத்தான் செய்கிறது. ஷார்ப்பின் கை விட்டுவிட்டது. அண்ணன் மகனின் கோபத்தில் நியாயமில்லை என்பது எனக்கு அங்கே இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது மற்ற பையனை, ஓடி வருகிறவனை. பத்தில் ஆறு தடவை அவன் ஷாட் போடுகிறவன் மேல் விழுந்தான். இறுதிப் போட்டியில் அது நடந்திருந்தால் மூன்று ஃப்ரீ த்ரோ, பட்டமே கைமாறியிருக்கும். கிளேட்டன் அவ்வளவு வேகத்தில் வந்து, எழும்பி, உடம்பைத் தொடாமல் தாண்டிப் போனார். ஷார்ப் கண்ணில் தெரிந்தது மேலே வரும் ஒரு கை மட்டும். ரீப்ளேயில் எல்லாரும் பந்தைப் பார்க்கிறார்கள். ஒரு தடவை கிளேட்டனின் காலை மட்டும் பாருங்கள், எங்கே மிதித்து எழும்புகிறார், எங்கே இறங்குகிறார் என்று. முதல் பாதியில் ஒரு பாயிண்ட் கூட எடுக்காதவர் அந்த ஆட்டத்தை முடித்தது ஷாட்டால் இல்லை.

"அதி காது (அது இல்லை) அண்ணா," சார் விடவில்லை. எழும்பியதே தப்பு என்றார். ஓடி வருகிறவனைப் பார்த்தால் முதலில் ஒரு பம்ப் ஃபேக், போடுவது மாதிரி பாசாங்கு, அவன் பறந்து போவான், ஒரு ட்ரிபிள், அப்புறம் நிம்மதியாக ஷாட். வலது பக்கம் நின்றிருந்த பையனை வைத்து அதையும் ஆடிக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. வாயால் எண்ணும் கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது என்பது என் சந்தேகம்.

ஹூஸ்டன்காரர்களுக்கு இது புதுக்காயமும் இல்லை. 1983 ஏப்ரலில், அப்போது நாட்டின் முதலிடத்தில் இருந்த ஹூஸ்டன், பின்னாளில் என்பிஏவை ஆட்டிவைத்த ஓலாஜுவானையும் க்ளைட் ட்ரெக்ஸ்லரையும் வைத்துக்கொண்டு, நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் 54-52 என்று தோற்றது. ஆல்புகெர்க்கியில் நடந்த ஆட்டம். டெரிக் விட்டன்பர்க் தூரத்திலிருந்து வீசியது வளையம் வரைக்கும் வரவே இல்லை. கீழே நின்ற லாரன்ஸோ சார்ல்ஸ் அதைக் காற்றில் பிடித்து உள்ளே திணித்தார். அடுத்த வருஷம் ஜார்ஜ்டவுனிடம் தோல்வி. அதற்குப் பிறகு ஹூஸ்டன் இறுதிப் போட்டிக்கு வரவே 2025 ஆகிவிட்டது. 1983இல் ஜெயித்த கோச் ஜிம் வால்வானோவுக்கு வயது 37. அவருக்குப் பிறகு இவ்வளவு இளம் வயதில் பட்டம் வென்ற கோச், புளோரிடாவின் டாட் கோல்டன், 39. இரண்டு பேருக்கும் எதிரே நின்றது ஹூஸ்டன்தான். சாம்ப்சன் ஜெயித்திருந்தால் பட்டம் வென்றவர்களிலேயே மூத்த கோச் ஆகியிருப்பார்.

இதையெல்லாம் அண்ணன் மகனுக்கு எழுதினேன். "சித்தப்பா, 1983ல எங்கப்பாவுக்கே மீசை முளைக்கல" என்று பதில் வந்தது. சரித்திரத்தால் ஆறுகிற வயது இல்லை.

கிளேட்டனை அந்த ஜூனில் நடந்த என்பிஏ தேர்வில் 18ஆவதாக எடுத்தார்கள், ஆடப் போனது யூட்டா. ஷார்ப் ஹூஸ்டனுக்கே திரும்பி வந்தார். இன்னொரு வருஷம் அதே ஊரில், அதே கூட்டத்துக்கு முன்னால் ஆட ஒப்புக்கொண்டார். அண்ணன் மகன் அதற்குள் அவர் பேர் போட்ட சட்டை ஒன்று வாங்கிவிட்டான், அளவு பெரிது, ஊருக்கு வரும்போது எனக்கும் ஒன்று கொண்டுவருகிறானாம். திருப்பதி சாருக்கும் வேண்டுமா என்று கேட்டேன். அவர் கேட்டது க்ரையர் சட்டை.